மேப்பிளை உரித்து ஈட்டி மரம் ஒட்டினார்கள்: பெரம்பூர்ப் பட்டறையில் ஒரு பேஸ் நெக்

ஒட்டு வேலைக்குப் பத்துக்கு ஒன்பது. ஃப்ரெட் (நெக்கின், அதாவது கிட்டார்க் கழுத்தின், குறுக்கே பதித்த உலோகக் கீற்று) வேலைக்கு முதல் தடவை ஆறு, திருத்திக் கொடுத்த பிறகு எட்டு. சொன்ன தேதிக்குக் கொடுப்பதில் மூன்று. பேஸ் கிட்டாரின் ஃப்ரெட்போர்டை, அதாவது நெக்கின் மேல் ஃப்ரெட் பதித்த பலகையை, வேறு மரத்துக்கு மாற்றியே ஆகவேண்டும் என்பவர்கள் இந்தப் பட்டறைக்கு நம்பிப் போகலாம். ஆனால் மாற்றவேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்கு அந்த வேலையே தேவைப்படாது. பட்டறைக்காரரே அதைத்தான் முதலில் சொல்கிறார்.

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய சின்னத் தெருவில் இருக்கிறது பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் வேண்டாம் என்பதால் இங்கேயும் பெயர் இல்லை. சர்ச் கொயர் பசங்களின் பேஸ், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களின் பேஸ், கானா கச்சேரிக்குப் போய்வந்து நெக் வளைந்த பேஸ் எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. கீழே ஒரு இழைப்பு மேசை, அதன் மேல் இருபது கிளாம்ப், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. அந்த இஸ்திரிப் பெட்டி எதற்கு என்பது பிறகு வரும்.

வேலைக்குக் கொடுத்தது 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), 20 ஃப்ரெட், நான்கு கம்பி, ஜாஸ் பேஸ் வகை நெக். மேப்பிள் நெக்கின் மேல் தனியாக ஒட்டிய மேப்பிள் போர்டு. இரண்டு முறை ஃப்ரெட் மாற்றி, ஒவ்வொரு முறையும் சமப்படுத்த இழைத்து, போர்டு நடுவில் 4.8 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. ஃப்ரெட் பள்ளங்களின் ஓரமெல்லாம் சில்லுப் பெயர்ந்து, கம்பியை இழுத்தால் ஃப்ரெட் அசைகிற நிலை. இதற்கு ஈட்டி மரப் போர்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட், எலும்பு நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) என்று பேசி முடிவானது.

பேச்சு தொடங்கியதும் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, சவுண்டு மாறும்னு மாத்துறியா, ஃப்ரெட்டு தேஞ்சுபோச்சுன்னு மாத்துறியா? ஃப்ரெட்டுக்குன்னா ஃப்ரெட்ட மட்டும் மாத்திக்கோ, பாதி செலவுல முடிஞ்சிரும்."

கேள்வி நியாயமானது. ஃப்ரெட் போட்ட பேஸில் கம்பி மரத்தைத் தொடுவதே இல்லை. ஒருமுனையில் ஃப்ரெட், மறுமுனையில் பாடியின் மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் சேடில், இரண்டும் உலோகம். மரம் அந்த ஃப்ரெட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, நெக்கின் விறைப்பில் ஒரு பங்கு தருகிறது, அவ்வளவுதான். மேப்பிளிலிருந்து ஈட்டிக்குப் போனால் இடி முழங்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புதுக் கம்பி ஒரு செட் போட்டால் கேட்கும் வித்தியாசம் இதைவிடப் பெரியது. எடை குறையும் கூடும் என்ற பேச்சும் அப்படியே. 605 மி.மீ. நீளம், சராசரி 52 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள போர்டு மேப்பிளில் சுமார் 135 கிராம், ஈட்டியில் சுமார் 155, கருங்காலியில் சுமார் 175. நாற்பது கிராமுக்காக யாருடைய தோளும் இறங்கிவிடப் போவதில்லை.

கைக்கு வித்தியாசம் உண்டு. மேப்பிள் போர்டுக்கு மேலே பாலீஷ் அடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வியர்வை பட்டு ஆறே மாதத்தில் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். சென்னை வியர்வையில் அந்தப் பாலீஷ் விரலோடு ஒட்டும். ஈட்டியும் கருங்காலியும் வெறும் மரமாகவே நிற்கும். எப்போதாவது ஒரு துளி எண்ணெய் போதும்.

ஃப்ரெட்டே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே கம்பி நேராக மரத்தின் மேல் அழுந்துகிறது. மரத்தின் கடினம் ஒலியில் கேட்கும். ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேலே உருண்டை இழை சுற்றியது) ஈட்டியை அரம்போல் தின்னும். ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் போர்டுக்கு மேல் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசின் பூசியது இதனால்தான். ஃப்ரெட்லெஸ்ஸுக்குக் கருங்காலி வையுங்கள், அல்லது ஈட்டிக்கு மேல் எபாக்ஸி பூசுங்கள், அல்லது தட்டை இழை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்கு மாறுங்கள். இந்த மூன்றில் ஒன்று வேண்டும்.

எந்த நெக்கை இந்த வேலைக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடலாம். 1951-இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த முதல் பிரிசிஷன் பேஸ் போல ஒரே மேப்பிள் கட்டையில் செய்த நெக்குகள் இன்றும் விற்கின்றன. அவற்றில் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) பின்பக்கம் பள்ளம் வெட்டி இறக்கி, கறுப்புக் கோடுபோல ஒரு பட்டியால் மூடியிருப்பார்கள். பிரிசிஷன் பேஸுக்குத் தனி ரோஸ்வுட் போர்டு வந்தது 1959-இல். ஒரே கட்டை நெக்கில் பிரித்தெடுக்கப் போர்டு என்று எதுவும் இல்லை. முன்பக்கத்தை ஆறு மில்லிமீட்டர் இழைத்துத் தள்ளினால்தான் புதுப் போர்டுக்கு இடம் கிடைக்கும். இழைப்புளி ராட் மேல் போய் நின்றால் நெக் விறகு. இந்தப் பட்டறையில் அப்படிப்பட்ட நெக்கை எடுப்பதில்லை. பக்கவாட்டில் ஒட்டுக் கோடு தெரிகிறதா என்று நட் பக்கம் பார்த்தாலே போதும். பின்பக்கம் கறுப்புக் கோடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், போர்டு ஒட்டிய நெக்குகளிலும் அந்தக் கோடு வருவதுண்டு.

மர விஷயத்தில் மாஸ்டர் காட்டும் கண்டிப்புக்குத்தான் அந்த ஒன்பது மதிப்பெண்ணில் பாதி. வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைகளில் போய்க் கேட்டால் தேக்கு, பர்மாத் தேக்கு, வேங்கை எல்லாம் கிடைக்கும். தேக்கு இதற்கு மென்மை, ஃப்ரெட் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். ஈட்டி என்று நாம் சொல்வதும் தோதகத்தி என்று சொல்வதும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா என்ற ஒரே மரம். உலகத்துக் கிட்டார்க்காரர்கள் இண்டியன் ரோஸ்வுட் என்று தேடுவதும் அதுதான். தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காக்க 1994-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். அதனால் 'நம்ம ஆளு ஒருத்தர் மலையிலேர்ந்து எடுத்தாந்து தர்றேன்றார்' என்கிற பேச்சுக்குக் காதே கொடுக்கவேண்டாம். ரசீதோடு கடையில் வாங்கவேண்டும், அல்லது பழைய சாமானிலிருந்து எடுக்கவேண்டும். செம்மரம் அழகாக இருக்குமே என்று கேட்பவர்களும் உண்டு. அதைக் கையில் வைத்திருப்பதே வில்லங்கம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த வேலைக்கு எடுத்தது இடித்த வீடு ஒன்றின் ஈட்டி அலமாரிக் கதவுப் பலகை. பல பத்து வருடம் வீட்டுக்குள் நின்று ஆடி அடங்கிய மரம். தேவைப்பட்ட துண்டு 680 நீளம், 70 அகலம், 9 மி.மீ. கனம். இதில் பார்க்கவேண்டியது மூன்று. வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கவேண்டும், ஓரத்து வெளிர்மஞ்சள் வெள்ளை மரம் ஒரு நூல்கூட உள்ளே வரக்கூடாது. பலகையின் குறுக்கு முனையைப் பார்த்தால் ரேகைகள் செங்குத்தாக நிற்கவேண்டும். படுத்திருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் போர்டு குவிந்து விரியும். நீளவாக்கில் இழை நேராக ஓடவேண்டும், பக்கவாட்டில் சரிந்து வெளியேறக்கூடாது. ஆணித் துளை ஒன்று இருந்ததை ஐந்தாவது ஃப்ரெட் புள்ளி வரும் இடத்துக்குக் கொண்டுவந்து மறைத்தது சாமர்த்தியம்.

கருங்காலி கேட்டால் கூடுதல் கவனம் வேண்டும். மாலை, காப்பு என்று கருங்காலிக்கு எழுந்திருக்கும் கிராக்கியில் சாயம் ஏற்றிய கட்டையும் அதே பெயரில் சுற்றுகிறது. பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்தால் மை கொட்டியதுபோலப் பஞ்சு கறுத்தால் அது சாயம். ஈட்டியைத் தேய்த்தால் ஊதா கலந்த பழுப்பு வரும், அது மரத்தின் சொந்த நிறம், பயப்படவேண்டாம். நல்ல கருங்காலியும் வறட்சியில் முனை வெடிக்கும் குணமுள்ளது. இரவும் பகலும் ஏ.சி. ஓடும் ஸ்டுடியோவில் வைக்கப்போகும் பேஸுக்கு ஈட்டிதான் பத்திரம்.

வெளிநாட்டுக்குப் பேஸைக் கொண்டுபோகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு வரி: டால்பெர்ஜியா வகை முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது, முடிவடைந்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடிவடைந்த பாகங்களுக்கும் 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. நெக்கில் ஒட்டிய போர்டுக்குச் சிக்கல் இல்லை, அறுத்த பலகையாகக் கொண்டுபோனால் சிக்கல்.

மரம் வந்த அன்றே வேலை தொடங்கவில்லை. பலகையை 8 மி.மீ.க்கு இழைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ரீப்பர் மேல் நிறுத்தி, தினமும் சமையலறைத் தராசில் எடை போட்டு, பலகையிலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். 331, 329, 328, 328, 328. ஏழு நாள் எண் மாறாமல் நின்றால்தான் அறுப்பு. மரத்தின் ஈரம் சுற்றியுள்ள காற்றோடு சமமாகிவிட்டது என்பதற்கு ஈரமானி இல்லாமலே கிடைக்கும் சான்று அது. காசிமேட்டுக் காற்று வீசும் ஊரில் இந்தப் பொறுமை இல்லாமல் ஒட்டிய போர்டு, பிறகு ஏ.சி. அறையில் சுருங்கும், மரம் சுருங்க, சுருங்காத ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டு வேலையே எடுப்பதில்லை என்று மாஸ்டர் வைத்திருக்கும் விதிக்கும் காரணம் இதுதான்.

பழைய போர்டைப் பிரிப்பது. கம்பியைக் கழற்றி, ட்ரஸ் ராடை முழுக்கத் தளர்த்தி, நட்டைத் தட்டி எடுத்த பிறகு, நட் விளிம்பு இருந்த இடத்தை நெக்கின் பக்கவாட்டில் கத்திமுனையால் மெல்லியதாகக் கீறி வைத்தார்கள். முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் நெக்கின் மொத்தக் கனம், நட் பக்க அகலம் 38, கடைசி ஃப்ரெட் பக்க அகலம் 62 என்று வெர்னியரில் அளந்து சுவரில் ஒட்டினார்கள். இதெல்லாம் செய்யாமல் சூட்டை வைத்தால் பிறகு எதை வைத்து எதைச் சரிபார்ப்பது?

இஸ்திரிப் பெட்டி இப்போதுதான் வருகிறது. போர்டின் மேல் அலுமினியப் பட்டை, அதன் மேல் பெட்டி. பாடியோடு சேரும் முனையிலிருந்து தொடங்கி, ஓரிடத்துக்கு ஐந்தாறு நிமிடம். மஞ்சள் மரப்பசை 70 டிகிரி அளவில் இளகும். ஆனால் சூடு ஐந்து மில்லிமீட்டர் மரத்தைத் தாண்டி இறங்கவேண்டும், அவசரப்பட்டால் மேல்மரம் கருகும், பசை அசையாது. இளகியதும் ஆக்ஸா பிளேடைச் சாணைபிடித்து மெல்லியதாக்கிய கத்தியை ஒட்டுக் கோட்டில் நுழைத்து, இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தள்ளவேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கத்தி நெக்கின் மரத்துக்குள் இறங்கி ஒரு சிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். போர்டு முழுதாகக் கழன்று வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கவாட்டில் நெக் பாலீஷ் இரண்டு இடத்தில் நகக்கண் அளவு கொப்பளித்தது. இந்த வேலையில் அது கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது, முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். எபாக்ஸியால் ஒட்டிய போர்டாக இருந்தால் இந்தச் சூடு போதாது. அதை இழைத்துத்தான் எடுக்கவேண்டும், கூலி ஏறும்.

ஒட்டுவதுதான் இந்தப் பட்டறையின் உச்சம். பழைய பசையைச் சுரண்டி, நெக்கின் மேற்பரப்பு எஃகு நேர்கோலுக்கு அடியில் வெளிச்சம் தெரியாதபடி சமப்படுத்தினார்கள். ஈட்டியில் இயற்கை எண்ணெய் உண்டு, அது பசையைத் தள்ளும்; அதனால் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடைத்து, துடைத்த கையோடு ஒட்டவேண்டும். காலையில் துடைத்துவிட்டு மதியம் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். ட்ரஸ் ராட் பள்ளத்தின் மேல் ஒரு பட்டை மாஸ்கிங் டேப், அதன் மேலேயே பசை பரப்பி, கடைசி நொடியில் டேப்பை உருவினால் பள்ளத்துக்குள் பசை இறங்காது. இறங்கினால் ராட் உறைந்துபோய் நெக் ஆயுளுக்கும் திருகாது.

பசை பட்டதும் போர்டு வெண்ணெய் மேல் வைத்ததுபோல வழுக்கும். முதல் பள்ளத்திலும் கடைசிப் பள்ளத்திலும் 1.5 மி.மீ. துளை போட்டு, பொருத்திப் பார்த்த நிலையிலேயே இரண்டு ஊசி இறக்கி வைத்திருந்தார்கள். துளை ஃப்ரெட்டுக்கு அடியில் மறைந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறந்தார்கள். 33 டிகிரி வெயிலில் விசிறிக் காற்றும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பசை மேலே தோல் கட்டும். நேரான ரீப்பருக்கு அடியில் கார்க், அதன் மேல் பதினாறு கிளாம்ப், நடுவிலிருந்து இரண்டு முனைக்கும். ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன முத்தாகப் பசை பிதுங்கி நின்றது. அப்படி நின்றால் அழுத்தம் சரி. எங்காவது முத்து வராத இடம் இருந்தால் அங்கே பசை பட்டினி.

கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாற்காலிக்குப் போதும். 45-105 செட் நான்கு கம்பியும் சேர்ந்து 80 கிலோ அளவில் ஓயாமல் இழுக்கும் நெக்கில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகரும், காரில் வெயிலில் விட்டால் இன்னும் வேகமாக. இங்கே டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மஞ்சள் மரப்பசை போட்டார்கள். ஒரு நாள் கிளாம்பில், அதற்குப் பிறகு ஒரு வாரம் சும்மா. பசையின் தண்ணீர் மரத்தை ஊறவைத்து லேசாக வளைத்திருக்கும், அது வெளியேறும்வரை ஃப்ரெட் வேலை தொடங்கக்கூடாது. அந்த ஒரு வாரத்தைக் கேட்டு அலுத்துக்கொள்கிற வாடிக்கையாளர்தான் பிறகு நெக் முறுக்கிக்கொண்டது என்று வருவார்.

இனி குறை. பள்ளங்களின் இடைவெளி அருமை. 34 அங்குலம் என்றால் 863.6 மி.மீ.; நட்டிலிருந்து முதல் பள்ளம் 48.5, பன்னிரண்டாவது 431.8, இருபதாவது 591.6. அளந்து பார்த்ததில் எங்கும் 0.2 மி.மீ.க்கு மேல் பிசகு இல்லை. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட் என்றால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 0.3 மி.மீ. பிசகுக்கு ஒரு சென்ட்தான் விலகும், காது பிடிக்காது. ஒரு முழு மில்லிமீட்டர் பிசகினால் நான்கு சென்ட், அப்போது கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கையில் உறுத்தும். போர்டு மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருந்தால் பிரிட்ஜ் சேடிலை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். பள்ளத்துக்குப் பள்ளம் தவறினால் எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய முடியாது.

கோளாறு ஆழத்தில். முதல் தடவை வாங்கி வந்தபோது, 16-க்கு மேல் எல்லா ஃப்ரெட்டின் முனையும் மரத்திலிருந்து எழும்பி நின்றது. இரண்டு தாள் நுழையும் இடைவெளி. E கம்பியில் மேலே போனால் கரகரப்பு. காரணம் எளிய கணக்கு. போர்டு தட்டையாக இருக்கும்போதே எல்லாப் பள்ளத்தையும் 3 மி.மீ. ஆழத்துக்கு அறுத்துவிட்டார்கள். பிறகுதான் 12 அங்குல ரேடியஸுக்கு மேல்பக்கத்தை வளைவாகத் தேய்த்தார்கள். 12 அங்குல வளைவில் 62 மி.மீ. அகலமுள்ள இடத்தில் ஓரம் நடுவைவிட 1.6 மி.மீ. தாழும். நட் பக்கம் 38 மி.மீ. அகலத்தில் 0.6 மட்டும். ஆக நட் பக்க ஓரத்தில் பள்ளம் 2.4 மி.மீ. மிஞ்சியது, கடைசி ஃப்ரெட் ஓரத்தில் 1.4 தான் மிஞ்சியது. பள்ளத்துக்குள் இறங்கும் ஃப்ரெட்டின் அடிநாக்கு 1.6. போதாக்குறைக்குத் தேய்த்த தூள் பள்ளத்துக்குள் அடைந்திருந்தது. நாக்கு அடியில் முட்டிவிட்டால் எத்தனை அடித்தாலும் ஃப்ரெட் உட்காராது. சுத்தியல் அடிக்க அடிக்க நடு அமுங்கும், ஓரம் துள்ளும்.

தவறைக் காட்டியதும் மறுபேச்சில்லை, கூலியும் கேட்கவில்லை. சால்டரிங் அயனால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, வாய் மட்டமாகத் தேய்த்த கட்டிங் பிளேயரால் மெல்ல மெல்ல நகர்த்தி எடுத்தார்கள். சூடு காட்டாமல் பிடுங்கினால் ஈட்டி சில்லுச் சில்லாகப் பெயரும். 0.58 மி.மீ. ரம்பத்தால் ஓரங்களை மறுபடி அறுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூளை எடுத்து, புது ஃப்ரெட் அடித்தார்கள். ஸ்டெயின்லெஸ் என்பதால் வளைவை முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாக வளைத்துக்கொண்டு அடிக்கவேண்டும், அதைச் செய்திருந்தார்கள். இப்போது ஓரங்கள் நகத்துக்குத் தட்டுப்படுவதில்லை. நீங்கள் கொடுக்கும்போது 'முதலில் ரேடியஸ், பிறகு பள்ளத்தின் இறுதி ஆழம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பள்ளமும் ரேடியஸும் போட்டே விற்கும் போர்டை வரவழைத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் ஸ்கேல் நீளமும் நட் அகலமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஏன் கூடுதல் பணம் என்பதற்கு ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. உப்புக் காற்றில் நிக்கல் சில்வர் ஃப்ரெட் பச்சை பூக்கும், ஸ்டெயின்லெஸ் பூக்காது, தேயவும் நாளாகும். நிக்கல் சில்வரில் வெள்ளி ஒரு துளியும் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸில் பட்டறைக்காரரின் அரம் சீக்கிரம் மழுங்கும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் கூலி.

செட்டப். புதுப் போர்டு நடுவில் 6.3 மி.மீ., பழையது 4.8. கம்பியின் தளம் 1.5 மி.மீ. உயர்ந்துவிட்டது, சேடில் திருகாணிகளையும் பிக்கப்பையும் அதே அளவு உயர்த்தவேண்டி வந்தது. திருகாணி நீளம் போதுமா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்திருந்தார்கள், இல்லாவிட்டால் போர்டை மெலிதாக்கவேண்டும் அல்லது பாடியில் நெக் உட்காரும் குழியை ஆழமாக்கவேண்டும். கைக்குள் நெக் கொஞ்சம் தடித்தது உண்மை, முதல் இரண்டு நாள் கட்டைவிரல் அதைச் சொல்லும். எலும்பு நட்டில் வேலை சுத்தம். ரிலீஃப் (நெக்கின் லேசான முன்வளைவு) எட்டாவது ஃப்ரெட் அருகே 0.3 மி.மீ., பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் E-க்கு 2.3, G-க்கு 1.9 என்று வைத்தார்கள். பக்கவாட்டு வெள்ளைப் புள்ளிகள் 2 மி.மீ.; ஏழாவது மட்டும் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது, மேடை வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது.

ஒலி? எதிர்பார்த்த அளவுதான். பழைய ஃப்ரெட்டின் தளர்ச்சி போனதால் ஒவ்வொரு சுரமும் ஒரே சீராக நீள்கிறது. ஏழாவது ஃப்ரெட் பக்கம் G கம்பியில் செத்து விழுந்த சுரம் இப்போதும் அதே இடத்தில்தான் விழுகிறது. அது நெக்கின் அதிர்வுக் குணம், போர்டு மாற்றினால் போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

கூலி 9,000 ரூபாய், பலகை 2,500, ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டும் அதற்கான கூடுதல் கூலியும் 3,000, எலும்பு நட் 600. மொத்தம் 15,100. பதினைந்தாயிரத்துக்குள் விற்கும் பேஸுக்கு இதைச் செய்வது மாட்டைவிட மூக்கணாங்கயிற்றுக்கு அதிகம் கொடுப்பதுபோல. ஃப்ரெட் மட்டும் மாற்ற இங்கே 5,500. ஐந்து வாரம் என்று சொன்னது ஒன்பது வாரம் ஆனது; மரம் காயவும் பசை காயவும் ஆன நாளைக் குறைசொல்லவில்லை, மூன்று வாரம் நெக் சுவரில் சும்மா தொங்கியதைத்தான் சொல்கிறோம். போன் எடுப்பது அரிது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பேண்ட் பசங்கள் எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள், நின்று பேச முடியாது. வார நாள் காலையில் போங்கள். நெக்கை மட்டும் எடுத்துப் போகவேண்டாம், பாடியும் பிரிட்ஜும் நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பி செட்டும் வேண்டும். கனமான கம்பிக்கு வெட்டிய நட்டில் மெலிந்த கம்பி ஆடும். ஈட்டித் தூள் தோலில் அரிப்பெடுக்கும், இழைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் பழைய போர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்காவிட்டால் அது அன்றே அடுப்புக்குப் போய்விடும். அந்த நெக்கின் அசல் பள்ள இடைவெளியும் அகலமும் அதில்தான் இருக்கின்றன, நாளைக்கு வேறொருவர் கையில் இதே நெக் போனால் அளவெடுக்க அதுதான் வேண்டும்.